விமானிகளைப் பாடியது போதும், எஞ்சினையும் பேசுங்கள்: தமிழில் போர்விமான வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழில் போர்விமான வரலாறு எழுதுகிறவர்களையும் காணொளிகளில் பேசுகிறவர்களையும் விடாமல் கவனித்து வருகிறேன். பிஸ்டன் எஞ்சின்களோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்; பொழுது நிறைய இருக்கிறது. உங்கள் உழைப்பில் பாராட்ட எவ்வளவோ உண்டு. ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அமெரிக்கா தன் ராணுவ விமானங்களை எப்படி உருவாக்கியது என்ற இடத்துக்கு வந்ததும், நீங்கள் எல்லோரும் பேசிவைத்ததுபோல ஒரே தடத்தில் போகிறீர்கள். பில்லி மிட்செல் என்ற தளபதி போர்க்கப்பலை மூழ்கடித்துக் காட்டுகிறார். மேலிடம் பொறாமையில் அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகிறது. அடுத்த பத்தியில் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்குகிறது. அதற்கடுத்த பத்தியில் தொழிற்சாலைக் கதவுகள் திறந்து விமானங்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து விழுகின்றன. நடுவில் கிடந்த இருபது ஆண்டுகள் எங்கே போயின? அவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மிட்செலிலிருந்தே தொடங்குகிறேன், நீங்களும் அங்கேதானே தொடங்குகிறீர்கள். 1921 ஜூலையில் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் தோற்ற ஜெர்மனி ஒப்படைத்த ‘ஆஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட்’ என்ற போர்க்கப்பலை அவருடைய விமானங்கள் மூழ்கடித்தது உண்மை. முதல் நாள் போட்ட சிறிய குண்டுகளுக்கு அசையாத கப்பல், மறுநாள், ஜூலை 21 அன்று, 2,000 பவுண்டு குண்டுகளுக்குத் தாங்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது என்பதையும், அதில் ஒரு மாலுமிகூட இல்லை என்பதையும், திருப்பிச் சுட ஒரு பீரங்கியோ ஓட்டையை அடைக்க ஒரு கையோ கிடையாது என்பதையும் உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? நிற்கிற, ஆளில்லாத கப்பலை மூழ்கடிக்க முடியும் என்பது ஒரு செய்தி. ஓடுகிற, சுடுகிற கப்பலை மேலிருந்து அடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அமெரிக்கக் கடற்படை செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் முறையைப் பல ஆண்டுகள் பழகிப் பதில் கண்டது. அந்தப் பழக்கத்தை நடத்திய கடற்படை ஆட்களை உங்கள் கதைகளில் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

1925 செப்டம்பரில் ‘ஷெனன்டோவா’ என்ற கடற்படை வான்கப்பல் (வாயு நிரப்பி மிதக்கவிடும் ராட்சத வானூர்தி) ஓஹாயோ மாநிலத்துக்கு மேலே புயலில் சிக்கி உடைந்தது. அதைச் சாக்காக வைத்து மிட்செல் தரைப்படை, கடற்படை இரண்டின் தலைமையையும் தேசத் துரோகத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி அறிக்கை விட்டார். எந்த ராணுவமும் அதைப் பொறுக்காது. விசாரணை நடந்தது, ஐந்து ஆண்டு பணி இடைநீக்கம் என்று தீர்ப்பு வந்தது, 1926 பிப்ரவரியில் அவர் விலகினார். அவர் தீர்க்கதரிசி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே மிட்செல்தான் பார்லிங் என்ற ராட்சத குண்டுவீச்சு விமானத்துக்கு ஆதரவாக நின்றவர். மூன்று அடுக்கு இறக்கை, ஆறு லிபர்ட்டி எஞ்சின்கள், 120 அடி அகலம். 1923 ஆகஸ்டில் அது பறந்தது. டேட்டனிலிருந்து வாஷிங்டனுக்குப் போகச் சொன்னார்கள். நடுவில் இருந்த அப்பலாச்சியன் மலைகளைத் தாண்ட அதற்குத் தெம்பு போதவில்லை. குண்டுச் சுமையோடு அது பறக்கக்கூடிய தூரம் 170 மைல். கடைசியில் கொட்டகையில் கிடந்து வீணாகி, எரிக்கப்பட்டது. தீர்க்கதரிசியின் கனவை எஞ்சின்தான் தோற்கடித்தது. இந்த ஒரு விமானத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருந்தால், அடுத்த பதினைந்து ஆண்டுகளின் சூத்திரம் உங்கள் வாசகருக்குத் தானே புரிந்திருக்கும்.

இனி நீங்கள் சலிப்பு என்று தள்ளிவிடுகிற விஷயம்: டெண்டர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவம் ஒரு விமானத்தை வாங்கியது என்றால் அதன் வரைபடமும் ராணுவத்துக்கே சொந்தம். அடுத்த தொகுதியைக் கட்ட யார் குறைந்த விலை கேட்கிறார்களோ அவர்களுக்கு வேலை. நியூயார்க் மாநிலத்தின் இதாக்காவில் இருந்த தாமஸ்-மோர்ஸ் நிறுவனம் எம்பி-3 என்ற போர்விமானத்தை மூளையைக் கசக்கி வடிவமைத்தது. 1921இல் அதன் மேம்பட்ட வடிவத்தில் 200 விமானங்களுக்கு டெண்டர் விட்டபோது, குறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டது சியாட்டிலில் இருந்த போயிங். அப்போது போயிங் பிழைப்புக்காகப் படுக்கையறை மரச்சாமான்கள் செய்துகொண்டிருந்தது. அந்த 200 விமானங்கள்தான் அதை விமானத் தொழிலில் நிறுத்தின. வடிவமைத்த தாமஸ்-மோர்ஸ் தேய்ந்து, 1929இல் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்து போனது. மிட்செல் கப்பலைத் தாக்கக் கொண்டுபோன மார்ட்டின் குண்டுவீச்சு விமானத்துக்கும் இதே கதிதான்: மார்ட்டின் கட்டியது 20, கர்ட்டிஸ், எல்.டபிள்யூ.எஃப்., ஏரோமரீன் என்ற மூவரும் கட்டியது 110. வடிவமைத்தவன் கையில் வேலை இல்லை. வேலை கிடைத்தவனுக்கு வடிவமைக்கத் தேவையில்லை. இந்த முறையில் இன்னும் பத்து ஆண்டு ஓடியிருந்தால் அமெரிக்காவில் விமான வடிவமைப்புக் கூடம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்பது என் கணிப்பு.

இதை மாற்றத் தொடங்கியது 1926 ஜூலை 2 அன்று வந்த ஏர் கோர் சட்டம். டுவைட் மாரோ என்ற வங்கிக்காரரின் தலைமையில் அதிபர் கூலிட்ஜ் அமைத்த குழுவின் பரிந்துரையிலிருந்து அது பிறந்தது. மாரோவுக்கு மிட்செலின் நாவன்மை இல்லை. அதனால் உங்கள் காணொளிகளில் அவருக்கு முகமும் இல்லை. தரைப்படையின் விமானப் பிரிவுக்குப் புதிய பெயர், ஐந்து ஆண்டில் 1,800 விமானங்கள் என்ற இலக்கு, வடிவமைப்புப் போட்டி நடத்தி வாங்கும் வழி எல்லாம் இந்தச் சட்டத்தில் வந்தவை. பணம் காலத்தில் வரவில்லை, இலக்கு இழுத்தடித்தது. ஆனாலும் நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டு முன்னால் பார்த்துத் திட்டமிட ஒரு பிடி கிடைத்தது.

எஞ்சினுக்கு வருகிறேன். போர் முடிந்தபோது அமெரிக்காவிடம் லிபர்ட்டி என்ற 12 சிலிண்டர், 400 குதிரைசக்தி எஞ்சின்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. இருபதாயிரத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரை வாரம் முழுக்க ஊற்றியதுபோல 1920கள் முழுக்க புதிய விமானம் எது வந்தாலும் அதில் லிபர்ட்டியையே பூட்டினார்கள். பணம் மிச்சம்தான். ஆனால் வடிவமைப்பாளருக்கு 1917இன் எஞ்சினைச் சுற்றி 1925இன் விமானத்தை வரையவேண்டிய நிர்ப்பந்தம்.

இந்த நிலையில் ஓஹாயோவின் டேட்டன் நகரில் மெக்குக் ஃபீல்ட் என்ற சின்ன மைதானம் ஒன்று இருந்தது. ராணுவத்தின் விமானப் பொறியியல் கூடம் அது. ஓடுபாதை குட்டை என்பதால், ‘இந்த மைதானம் சிறியது, முழுவதையும் பயன்படுத்து’ என்று ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே நடந்தவற்றை வைத்து நீங்கள் ஒரு வருடம் தொடர் எழுதலாம். 1920 பிப்ரவரி 27 அன்று ருடால்ஃப் ஷ்ரோடர் என்ற விமானி திறந்த காக்பிட்டில் 33,000 அடிக்கு மேல் ஏறினார். பிராணவாயு தீர்ந்தது, கண்ணாடியைத் தூக்கியபோது கண்களில் நீர் உறைந்து பார்வை போனது, நினைவிழந்தார், விமானம் ஐந்து மைலுக்கு மேல் விழுந்தது. விழும்போதே நினைவு திரும்பி, அரைக்குருடாக மெக்குக் மைதானத்திலேயே வந்து இறங்கினார். 1922 அக்டோபரில் ஹரால்ட் ஹாரிஸ் என்ற இன்னொரு சோதனை விமானி, இறக்கைகள் நடுங்கி விமானம் உடையத் தொடங்கியதும் வெளியே குதித்தார். அவசரத்தில் பாராசூட்டால் உயிர்பிழைத்த முதல் அமெரிக்க விமானி அவர்தான். இறங்கிய இடம் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையின் திராட்சைப் பந்தல்.

ஷ்ரோடரை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பார்த்தேன். அவர் ஏன் அவ்வளவு உயரம் ஏற முடிந்தது என்பதை எழுதவில்லை. உயரே காற்று மெலியும். காற்று மெலிந்தால் சிலிண்டருக்குள் போகும் பிராணவாயு குறையும். எஞ்சின் மூச்சு வாங்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் ஒரு லிபர்ட்டி எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைசக்தி கொடுத்த எஞ்சின் மலையுச்சியில் 230தான் கொடுத்தது. வீணாக வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் தன் டர்போ சூப்பர்சார்ஜரைப் பூட்டினார். அதே உச்சியில் 356. ஷ்ரோடர் விமானத்தில் இருந்தது இந்தக் கருவிதான். ஆனால் செந்நிறமாகக் காய்கிற புகையைத் தாங்கும் உலோகமும், நாள்பட உழைக்கும் பேரிங்கும் கண்டுபிடிக்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ராணுவம் இந்தக் கருவிக்குச் சிறிது சிறிதாகப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது, கைவிடவில்லை. 1930களின் கடைசியில் அது போயிங் பி-17 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் ஏறியது. மலையுச்சிச் சோதனைக்கும் அதற்கும் இடையில் இருபது ஆண்டுகள். நான் கேட்கிற இருபது ஆண்டு இதுதான்.

மெக்குக்கில் இன்னொருவர், ஆங்கிலேயரான சாமுவேல் ஹெரான். என் தொழில்காரர் என்பதால் அவரிடம் எனக்குச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. எஞ்சினில் மிகவும் வதைபடும் உறுப்பு புகை வெளியேறும் வால்வு. ஒவ்வொரு சுற்றிலும் நெருப்பு அதன் தலையைச் சுற்றிக்கொண்டு போகும். வால்வு சிவந்து, வளைந்து, கடைசியில் தலை ஒடிந்து சிலிண்டருக்குள் விழும். விமானி கடலுக்குள் விழுவார். ஹெரான் செய்தது இது: வால்வின் தண்டைக் குடைந்து, உள்ளே பாதியளவு சோடியத்தை இட்டு மூடினார். சோடியம் நூறு டிகிரிக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஆட, உள்ளே அந்தத் திரவம் குலுங்கி, தலையின் வெப்பத்தைத் தண்டுக்கு அள்ளிவந்து இறக்கும். தண்டிலிருந்து அது சிலிண்டர் உலோகத்துக்குப் போய்விடும். பழைய வால்வு ஒன்றை இரண்டாக அறுத்து, உள்ளே அந்தக் குழியைப் பார்த்த எந்த மெக்கானிக்கும் ஹெரானுக்கு ஒரு கும்பிடு போடாமல் போகமாட்டான். காற்றால் குளிரும் எஞ்சினை நம்பத்தக்கதாக்கியதில் இந்த வால்வுக்குப் பெரும் பங்கு. 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பெர்க்கின் எஞ்சினிலும் ஹெரானின் கைவேலை இருந்தது.

காற்றால் குளிரும் எஞ்சின் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது கடற்படை. அதன் வானூர்திப் பிரிவை 1921 முதல் நடத்தியவர் ரியர் அட்மிரல் வில்லியம் மொஃபெட். மிட்செல் பத்திரிகைகளில் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இவர் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் குழுக்கள் முன் அமைதியாக உட்கார்ந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தார். 1922இல் ஒரு நிலக்கரிக் கப்பலை மாற்றி ‘லாங்லி’ என்ற முதல் விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. 1927இல் ‘லெக்சிங்டன்’, ‘சரட்டோகா’. கப்பல் தளத்தில் வந்து இறங்கும் விமானம் மோதி மோதி இறங்கும். ரேடியேட்டரும் தண்ணீர்க் குழாயும் முதலில் விரிசல் விடும். எடை வேறு. 1924இல் ரைட் நிறுவனத்தின் தலைவர் பதவியை விட்டுவிட்டு வந்த ஃப்ரெடரிக் ரென்ட்ஷ்லருக்கு மொஃபெட்டின் இந்தத் தேவை தெரிந்திருந்தது. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில், புகையிலை அடுக்கி வைத்திருந்த ஒரு கட்டடத்தைக் காலிசெய்து, ப்ராட் அண்ட் விட்னி என்ற பெயரில் 1925இல் விமான எஞ்சின் தொழில் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ‘வாஸ்ப்’ எஞ்சின் ஓடிவிட்டது. ஒன்பது சிலிண்டர், 650 பவுண்டுக்குள் எடை, 400 குதிரைசக்திக்கு மேல். சோதனையில் தேறியதும் கடற்படை 200 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ‘வாஸ்ப்’ தொடங்கிய அந்தக் குடும்பத்திலிருந்துதான் பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் ஹெல்கேட், தண்டர்போல்ட் போர்விமானங்களின் எஞ்சின்கள் வந்தன. மொஃபெட் அதைப் பார்க்கவில்லை. 1933 ஏப்ரலில் ‘ஏக்ரன்’ வான்கப்பல் அட்லாண்டிக்கில் விழுந்தபோது அவரும் போனார்.

சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் இந்தப் பரந்த முகம் கொண்ட எஞ்சின் காற்றைக் கிழிக்கத் தடையாக இருக்கும் என்ற குறையை நாக்கா என்ற அரசு ஆய்வு அமைப்பு தீர்த்தது. ஃப்ரெட் வீக்கின் குழு 1928இல் எஞ்சினைச் சுற்றி ஒரு மூடியை வடிவமைத்தது. கர்ட்டிஸ் ஹாக் பயிற்சி விமானம் ஒன்றின் வேகம் அந்த மூடியால் மட்டும் மணிக்கு 118 மைலிலிருந்து 137 ஆனது. இதை ஒரு வரியில் சொன்னாலே போதும். ஆனால் அந்த ஒரு வரியாவது வேண்டும்.

எரிபொருளை யாருமே தொடுவதில்லை. ஜிம்மி டூலிட்டில் என்றதும் டோக்கியோ மீது குண்டு போட்டவர் என்று தொடங்கிவிடுகிறீர்கள். அவர் 1930இல் ராணுவத்தை விட்டு ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தவர். சிலிண்டரில் அழுத்தத்தைக் கூட்டினால் மட்டமான பெட்ரோல் வேளைக்கு முன்னே வெடித்து எஞ்சினை ‘நாக்’ அடிக்க வைக்கும். அதனால் எஞ்சினின் திறமைக்கு எரிபொருள் உச்சவரம்பு போட்டுவிடும். அந்த முன்வெடிப்பை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஆக்டேன். 100 ஆக்டேன் எரிபொருளை வாங்க அப்போது எந்த வாடிக்கையாளரும் இல்லை. இருந்தும் அதைத் தயாரிக்கும்படி டூலிட்டில் தன் நிறுவனத்தை வற்புறுத்தினார். 1934இல் முதல் ஆயிரம் கேலன், மெக்குக்கின் வாரிசான ரைட் ஃபீல்டுக்குப் போனது. அதே எஞ்சின், கூடுதல் அழுத்தம், கூடுதல் சக்தி. அடுத்த சில ஆண்டுகளில் ராணுவம் அதையே தன் தரமாக்கிக்கொண்டது. என்னைக் கேட்டால், டோக்கியோ தாக்குதலைவிட டூலிட்டில் போருக்குச் செய்த பெரிய காரியம் இந்த ஆயிரம் கேலன்தான். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

டூலிட்டிலின் இன்னொரு காரியத்தில் ஒரு வேதனை உண்டு. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மிட்செல் ஃபீல்டில் (இது வேறொரு மிட்செலின் பெயர்) காக்பிட்டைத் துணியால் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தை ஏற்றி, சுற்றி, இறக்கினார். முன் இருக்கையில் பாதுகாப்புக்கு அமர்ந்திருந்த பென் கெல்சி என்ற இளம் அதிகாரி, தான் எதையும் தொடவில்லை என்று காட்டக் கைகளை வெளியே நீட்டியிருந்தார். குருட்டுப் பறத்தல் சாத்தியம் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 1934 பிப்ரவரியில், அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் தபால் விமான ஒப்பந்தங்களை ரத்து செய்து அந்த வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தார். கொடும் பனிக்காலம். பெரும்பாலான விமானங்களில் தகுந்த கருவிகள் இல்லை. இருந்தவற்றிலும் விமானிகளுக்குப் பயிற்சி இல்லை. சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அறிவு இல்லாமல் இல்லை. ஐந்து ஆண்டுகளாக அதை விமானிக்குக் கொண்டுசேர்க்க யாரும் பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகுதான் எட்வின் லிங்க்கின் பயிற்சிப் பெட்டிகளை, முதலில் ஆறு, ராணுவம் வாங்கியது. ஆர்கன், பியானோ வாத்தியங்கள் செய்யும் குடும்பத் தொழிலில் பழகிய துருத்திகளை வைத்து அவர் அந்தப் பெட்டியை ஆட்டினார். அதுவரை அதை விரும்பி வாங்கியவர்கள் பொருட்காட்சிக்காரர்கள்.

1930களின் நடுப்பகுதிக்கு வந்தால் நீங்கள் உற்சாகமாகிவிடுகிறீர்கள், எனக்குத் தெரியும். மார்ட்டின் பி-10 குண்டுவீச்சு விமானம்: முழு உலோகம், மடங்கும் சக்கரம், மூடிய காக்பிட், மணிக்கு 200 மைலுக்கு மேல் வேகம். அதே காலத்தில் போர்விமானப் படைகளுக்குப் போன போயிங்கின் ‘பீஷூட்டர்’ ஒற்றை இறக்கை, முழு உலோகம்தான். ஆனால் காக்பிட் திறந்தது, சக்கரம் மடங்காது, இறக்கையைக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன. துரத்த வேண்டியது பழைய சட்டையில், தப்ப வேண்டியது புதிய சட்டையில். பயிற்சிப் போர்களில் குண்டுவீச்சு விமானத்தை எட்டிப்பிடிக்கப் போர்விமானங்கள் திணறின. இந்த ஓரிரு ஆண்டு நிலைமையை அலபாமாவின் மேக்ஸ்வெல் ஃபீல்டில் இருந்த தந்திரோபாயப் பள்ளி நிரந்தர விதியாக எடுத்துக்கொண்டது. குண்டுவீச்சு விமானங்கள் பகலில், உயரத்தில், துணை இல்லாமல் போய் இலக்கைக் குறிபார்த்து அடித்துவிட்டுத் திரும்பும் என்று பாடம் நடத்தினார்கள். எதிர்த்துப் பேசிய ஆசிரியர் கிளேர் ஷெனால்ட் 1937இல் ஓய்வுபெற்று சீனாவுக்குப் போனார். அந்தப் பாடத்தின் விலை 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் மேலே செலுத்தப்பட்டது: ஒரே நாளில் 60 பி-17கள். நீங்கள் அந்த நாளை ஜெர்மானிய விமானிகளின் வீரத்தில் தொடங்குகிறீர்கள். அது மேக்ஸ்வெல் வகுப்பறைக் கரும்பலகையில் தொடங்கியது.

பி-17இன் மூத்த வடிவமான போயிங் 299, 1935 அக்டோபர் 30 அன்று ரைட் ஃபீல்டில் விழுந்த கதையை நீங்கள் எல்லோரும் நன்றாகவே சொல்கிறீர்கள். வால்பகுதிக் கட்டுப்பாடுகளைப் பூட்டியிருந்த பூட்டைத் திறக்க மறந்து ஏறியதும், விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் பிறந்ததும் இன்று நிர்வாகவியல் வகுப்பு வரை போய்விட்டன. விலையைத்தான் விட்டுவிடுகிறீர்கள். 299 ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர். போட்டியில் நின்ற டக்ளஸ் பி-18க்கு 58,500 டாலர். ராணுவம் டக்ளஸை 130க்கு மேல் வாங்கியது. விபத்து நடக்காமல் இருந்தாலும் காங்கிரஸிடம் இந்த வித்தியாசத்தை விளக்குவது லேசான காரியமாக இருந்திருக்காது. இருந்தும் ரைட் ஃபீல்ட் அதிகாரிகள் சட்டத்தில் ‘சோதனைக்காக’ என்றிருந்த ஒரு பிரிவைத் தேடிப்பிடித்து 13 போயிங்குகளுக்கு ஆர்டர் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின் மிகப் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானம் அந்தச் சந்து வழியாகத்தான் உயிர்தப்பியது.

கைகளை வெளியே நீட்டியிருந்த பென் கெல்சி நினைவிருக்கிறதா? 1937இல் அவர் ரைட் ஃபீல்டில் போர்விமானங்களுக்குப் பொறுப்பான லெப்டினன்ட். போர்விமானத்தின் ஆயுத எடைக்கு அப்போதிருந்த வரம்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வரம்பை மாற்றக் கோரி மனு எழுதிக்கொண்டிருக்காமல், இது இடைமறிக்கும் விமானம், வேறு வகை என்று தேவைப்பட்டியலைத் தயாரித்தார். லாக்ஹீட் பி-38 லைட்னிங் அப்படிப் பிறந்தது. இரண்டு எஞ்சின், இரண்டிலும் மாஸின் டர்போ. எஞ்சின்கள் அலிசன் நிறுவனத்துடையவை. அவற்றின் ஆரம்ப வளர்ச்சிக்கு, ராட்சத வான்கப்பல்களில் பூட்டுவதற்காகக் கடற்படை பணம் போட்டிருந்தது. வான்கப்பல்கள் ஒவ்வொன்றாக விழுந்து முடிந்தன, எஞ்சின் பிழைத்துக்கொண்டது. 1939 பிப்ரவரி 11 அன்று கெல்சியே அந்த முதல் லைட்னிங்கைக் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு மணி நேரத்தில் ஓட்டிவந்தார். இறங்க வந்தது அதே மிட்செல் ஃபீல்ட். கடைசி நிமிடத்தில் எஞ்சின்கள் சக்தி கொடுக்க மறுத்தன. மைதானத்துக்கு முன்னாலிருந்த கோல்ஃப் திடலில் விழுந்து நொறுங்கியது. உலகில் அப்போது அந்த ஒரு விமானம்தான் இருந்தது. கெல்சி எழுந்து நடந்தார். சுமார் இரண்டரை மாதத்தில் 13 விமானங்களுக்கு ஆர்டர் வந்தது.

பேர்ல் ஹார்பருக்கு மறுநாள் தொழிற்சாலைகள் திறந்தன என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். தொழிற்சாலைகளை விரிவாக்கிய முதல் பெரிய பணத்தில் பிரெஞ்சுப் பணம் இருந்தது. 1938 மே மாதம் பிரான்ஸ் 100 கர்ட்டிஸ் ஹாக் 75 போர்விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அடுத்து வந்த எஞ்சின் ஆர்டர்களுக்காக ப்ராட் அண்ட் விட்னியின் ஆலையை விரிவாக்கவும் அதுவே பணம் போட்டது. 1939 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் விழுந்த புதிய டக்ளஸ் விமானத்துக்குள் ஒரு பிரெஞ்சு அதிகாரி இருந்தது வெளியே தெரிந்து காங்கிரஸில் பெரிய ரகளை. பிரான்ஸ் 1940இல் வீழ்ந்தது. அதற்கென்று செய்த ஹாக்குகளில் பல பிரிட்டன் கைக்கு வந்து, மொஹாக் என்ற பெயரில் அசாமிலும் வங்காளத்திலும் 1943 வரை ஜப்பானியரோடு சண்டையிட்டன. 1935இல் முதலில் பறந்த வடிவம் அது. பெங்களூருவில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் செய்யவேண்டிய விமானங்களின் பட்டியலிலும் இதே ஹாக் இருந்தது. நம் ஊர்க்காரர்கள் ஆணி அடித்துப் பழகிய போர்விமானத்துக்கு அந்த ‘வெற்று’ இருபது ஆண்டுகளில்தான் பிறப்பு.

நான் கேட்பது அதிகமில்லை. 1926இன் சட்டத்துக்கு 2026 ஜூலையில் நூறு ஆண்டு. அதையொட்டி உங்களில் யாராவது ஒருவர், மிட்செலின் பெயர் வராத ஒரு தொடரை, மெக்குக்கில் தொடங்கி கோல்ஃப் திடல் வரை எழுதுங்கள். டெண்டரும் ஆக்டேனும் வந்தால் பார்வையாளர் ஓடிவிடுவார் என்ற பயம் வேண்டாம். ஷ்ரோடரும் ஹாரிஸும் அவர்களைப் பிடித்து நிறுத்திக்கொள்வார்கள். பி-17 படம் போடும்போது இறக்கைக்கு அடியில் இருக்கும் டர்போவுக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். சோடியம் வால்வின் குறுக்குவெட்டுப் படம் தேவைப்பட்டால் சொல்லுங்கள், கையால் வரைந்து தமிழில் பெயர் குறித்து அனுப்பிவைக்கிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற எஞ்சின் பராமரிப்பாளன்